எண்பது லட்சம் டன்

திருச்சிக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் வலப்பக்கம் திரும்பினால் ஊட்டத்தூர். அதைத் தாண்டி காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் வயல்களுக்கு நடுவே மழை அறுத்துப் போட்ட களிமண் மேடுகள் தொடங்கும். வெயிலில் கண்ணாடிச் சில்லு போல மின்னும் ஜிப்சத்தைப் பார்த்து எல்லோரும் குனிவார்கள். அதன் பக்கத்தில் கிடக்கும் பழுப்பு உருண்டைக் கல்லை யாரும் கையில் எடுப்பதில்லை. முட்டை அளவோ, கொஞ்சம் பெரிதோ இருக்கும். அளவுக்கு மீறிக் கனக்கும். சுத்தியலால் தட்டினால் உள்ளே கருஞ்சாம்பல் நிறம், சிலவற்றில் குறுக்கே வெள்ளைக் கோடுகள், சிலவற்றில் நடுவே ஒரு சிப்பித் துண்டு. இந்தக் கல்லை நம்பி ஒரு காலத்தில் இங்கே குழி தோண்டினார்கள்.

திருச்சி நகரின் உறையூருக்கு அடியில் இருப்பது மலைக்கோட்டையைப் போன்ற பழம்பாறை. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊட்டத்தூர் அந்தப் பாறையின் கிழக்கு விளிம்பு. ஏறத்தாழ பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியே பிரிந்த காலத்தில், கடல் உள்ளே ஏறி வந்து நின்ற கரை இது. அம்மோனைட்டும் பெலம்னைட்டும் நீந்திய அந்தக் கடலின் அடியில் நயமான சேறு மெதுவாகப் படிந்தது. செத்து விழுந்த உயிர்களின் பாஸ்பரஸ் சேற்றின் ஈரத்தில் கரைந்து, ஒரு சிப்பியையோ எலும்புத் துணுக்கையோ பற்றிக்கொண்டு மறுபடி இறுகியது. அதுதான் உருண்டை. 56 முதல் 59 சதவீதம் கால்சியம் பாஸ்பேட், சுமார் 16 சதவீதம் கார்பனேட். இந்தப் பதினாறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அதுவே எமன்.

1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை அளந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய வானிலைத் துறையைப் பிற்பாடு, 1875இல், தொடங்கி நடத்தியவரும் இவர்தான். அதற்கு முன் நம் ஊர்ப் பாறையில் வெயில் காய்ந்தவர். அடுக்குகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்து அவர் வைத்த பெயர்களே இன்றும் நிலவியல் நூல்களில் இருக்கின்றன.

உருண்டையைச் சரக்காகப் பார்த்தவர் டாக்டர் எச். வார்த். 1893இல் சில ஆழமில்லாத குழிகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு அவர் ஒரு கணக்குச் சொன்னார்: 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் உருண்டை இருக்கிறது. அன்றைக்கு அது வாயைப் பிளக்க வைக்கும் எண். அதற்குப் பிறகு வந்த அரசுக் குறிப்புகளில் எல்லாம் அந்த எண் தவறாமல் வரும். அதே குறிப்புகளில், அடுத்த வரியிலேயே, இன்னொரு எண்ணும் இருக்கும். அதை யாரும் தலைப்பில் போட மாட்டார்கள்: தோண்டிய குழிகளில் 100 கன அடிக்கு 27 முதல் 47 ராத்தல் வரைதான் உருண்டை கிடைத்தது.

நூறு கன அடி என்றால் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு யூனிட். ஒரு யூனிட் களிமண் ஐந்து டன்னுக்குக் குறையாது. அவ்வளவையும் வெட்டி, உடைத்து, சலித்தால் கையில் மிஞ்சுவது 12 முதல் 21 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசிகூட முழுசாகத் தேறாது. எண்பது லட்சம் டன்னையும் எடுக்க வேண்டுமானால் 38 கோடி முதல் 66 கோடி யூனிட் வரை களிமண்ணைப் புரட்ட வேண்டும். கூலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் இது நடக்கிற காரியமா?

இங்கிலாந்தில் மட்டும் எப்படி நடந்தது என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜ் பக்கத்து வயல்களில் ஏறக்குறைய இதே காலத்துக் கடல் விட்டுச்சென்ற இதே மாதிரி உருண்டைகளை 1840களிலிருந்து தோண்டி எடுத்தார்கள். ஆதிவிலங்குகளின் விட்டை என்று முதலில் நினைத்துக்கொண்டு கோப்ரோலைட் என்றார்கள். ஜான் லாஸ் 1842இல் காப்புரிமை பெற்ற முறைப்படி அதில் கந்தக அமிலம் ஊற்றினால் சூப்பர் பாஸ்பேட். அங்கே கடலே ஒரு வேலையை முடித்துவைத்திருந்தது: பழைய சேற்றை அரித்துக் கழுவி, கனமான உருண்டைகளை மட்டும் ஒரு மெல்லிய படுகையாகத் திரட்டிவிட்டிருந்தது. ஏக்கருக்கு 300 டன் அளவில் கிடைத்தது. ஊட்டத்தூரில் அதே 300 டன்னுக்கு ஓர் ஏக்கரை 33 முதல் 57 அடி ஆழம் வரை முழுசாகத் தோண்டிச் சலிக்க வேண்டும். நம் கடல் உருண்டைகளைச் செய்ததோடு நிறுத்திக்கொண்டது, திரட்டிக் கொடுக்கவில்லை.

காலமும் ஒத்துழைக்கவில்லை. வார்த் கணக்குப் போட்ட நேரத்தில் கேம்பிரிட்ஜ் குழிகளே மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் தென் கரோலினாவிலும் புளோரிடாவிலும் இருந்து வந்த மலிவான பாஸ்பேட் அவற்றைச் சாய்த்துவிட்டது.

ஆனாலும் முயன்றார்கள். எடுத்த உருண்டைகளை நைசாகப் பொடித்து, அமிலம் சேர்க்காமல் அப்படியே தோட்டப் பயிர்களுக்கு உரமாக விற்கப் பார்த்தார்கள். விலைபோகவில்லை. போகாததற்குக் காரணம் அந்தக் கல்லின் குணத்திலேயே இருக்கிறது. பச்சைப் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. நல்ல புளிப்பு மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், அதுவும் வருஷக்கணக்கில். சுண்ணாம்புச் சத்துள்ள நம் கரிசலில் அப்படியே கிடக்கும். செடிக்குப் பலன் உடனே தெரிய வேண்டுமானால் அமிலம் வேண்டும். அமிலம் ஊற்றினாலோ, அந்த 16 சதவீதக் கார்பனேட் முதலில் முந்திக்கொண்டு குடித்துவிடும். பொங்கி நுரைத்து வீணாவது போக மிச்சம்தான் பாஸ்பேட்டுக்கு. கந்தகமோ கப்பலில் வர வேண்டிய பொருள். 1906இல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. அதே மாகாணத்தில், ரயில் தூரத்தில், இத்தனை பாஸ்பேட் இருந்தும் ஊட்டத்தூர் உருண்டை ஒரு சுரங்கத் தொழிலாக எழவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் வேறு. கல்லுக்குத் தேவைப்பட்ட கந்தக அமிலம் அந்த மண்ணிலேயே ஒரு சமயம் ஊறியிருக்கிறது. களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது பொடிப்பொடியாகக் கலந்திருந்தது. காற்றும் மழைநீரும் பட்டதும் அது அமிலமாக மாறியது. அந்த அமிலம் சிப்பிகளின் சுண்ணாம்பைத் தின்று, விரிசல்களில் ஜிப்சமாகப் படிந்தது. நிலவியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இது. மேட்டில் பளபளக்கிறதே, அது செலவழிந்துபோன அமிலம். உருண்டைக்குப் போயிருக்க வேண்டியது சிப்பிக்குப் போயிற்று என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேதியியல் ஆசிரியர்கள் மன்னிக்க.

குழிகள் கைவிடப்பட்டன, ஆனால் அலைச்சல் வீண் போகவில்லை. வார்த் சேகரித்த அம்மோனைட்டுகள் வியன்னாவுக்குப் போயின. பிரான்ஸ் கோஸ்மாட் அவற்றை ஆராய்ந்து 1895 முதல் 1898 வரை ஜெர்மன் மொழியில் எழுதியது, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் காலத்தைப் படிக்கிறவர்கள் இன்றும் புரட்டும் நூல்.

தொழில் வாய்த்தது ஜிப்சத்துக்குத்தான். 1939இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. கிளிங்கரை அரைக்கும்போது நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் ஜிப்சம் சேர்க்காவிட்டால் சிமெண்ட் குழைத்த கையோடு இறுகிவிடும். கேரளத்தின் ஆலுவாயில் 1947இல் உற்பத்தி தொடங்கிய ஃபாக்ட் உர ஆலை, அமோனியம் சல்பேட் செய்யத் திருச்சி மாவட்ட ஜிப்சத்தை வரவழைத்தது. ஊட்டத்தூர்க் கடலின் கந்தகம் இப்படிச் சுற்றுவழியில் உரமாயிற்று. அதன் பாஸ்பரஸ் ஆகவில்லை. கடலை போடுகிறவர்களுக்கும் ஜிப்சம் தெரிந்த சரக்கு. விழுது இறங்கும் பருவத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ தூவி மண் அணைத்தால் காய் பொக்கில்லாமல் திரளும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

உறையூர் வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. அங்கே அடியுரமாகப் போடும் சூப்பரும் டிஏபியும் இன்னும் பாஸ்பேட் இல்லாமல் நடக்காது. 1968இல் ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராவில் பெரிய படிவு கண்டுபிடித்த பிறகும் நாட்டின் தேவையில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. அவையும் பழைய கடலடிப் படிவுகள்தான். ஆனால் அங்கே பாஸ்பேட் படுகை படுகையாகக் கிடக்கிறது, யூனிட்டுக்கு இருபது கிலோ என்று பொறுக்க வேண்டியதில்லை.