தண்டனை முடிந்த பிறகும்

1962 ஏப்ரலில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் சன்னி லிஸ்டன் என்ற குத்துச்சண்டை வீரருக்கு உரிமம் தர மறுத்தது. ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஃப்ளாய்ட் பேட்டர்சனுடன் அந்த மாநிலத்தில் மோத அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. கிளீவ்லண்ட் வில்லியம்ஸ், ஸோரா ஃபாலி, எடி மேச்சன் என முன்னணியில் இருந்தவர்களை அவர் ஏற்கெனவே வென்றிருந்தார். குறுக்கே நின்றவை அவருடைய போலீஸ் பதிவேடும், அவரைச் சுற்றி நின்ற ஆட்களும்.

ஆர்கன்சாவின் பருத்தி வயல்களில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பம் லிஸ்டனுடையது. எந்த ஆண்டு பிறந்தார் என்பதற்கே சரியான பதிவு கிடையாது. அப்பாவின் அடிதான் அதிகம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார். அம்மா பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போக, பையனும் பின்னாலேயே போனான். அங்கே வழிப்பறியும் கொள்ளையும். 1950இல் ஐந்தாண்டுத் தண்டனையோடு ஜெஃபர்சன் சிட்டியிலுள்ள மிசௌரி மாநிலச் சிறைக்குள் நுழைந்தார். கையுறையை மாட்டச் சொன்னவர் அந்தச் சிறையில் பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார். 1952 அக்டோபர் கடைசியில் பரோல் கிடைத்தது. அடுத்த செப்டம்பரில் முதல் தொழில்முறைப் போட்டி, முதல் சுற்றிலேயே நாக் அவுட்.

அதோடு திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. 1956இல் ஒரு போலீஸ்காரருடன் தகராறு முற்றி, அவர் முழங்காலை உடைத்துத் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டார். ஒன்பது மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு முழுவதும் அவர் மேடையேறவில்லை. இவற்றில் எதுவும் ஜோடிக்கப்பட்ட வழக்கு அல்ல. கொள்ளையில் பணம் இழந்தவர்களும் ஏழைகளாகவே இருந்திருக்கலாம். லிஸ்டனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடக் கூடாது.

ஆனால் அன்றைய குத்துச்சண்டை யார் பிடியில் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃப்ராங்கி கார்போ, பிளிங்கி பலேர்மோ என்ற இரண்டு நிழலுலகப் புள்ளிகள் வீரர்களின் ஒப்பந்தங்களைப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். யார் யாருடன் மோதலாம் என்பதுகூட அவர்கள் தயவில்தான் நடந்தது. லிஸ்டனின் வருமானத்திலும் பெரும்பங்கு அந்தப் பக்கம் போனது. 1960இல் செனட்டர் கீஃபாவர் நடத்திய விசாரணையில் இந்த அழுக்கெல்லாம் வெளியே வந்தது. லிஸ்டனும் அங்கே சாட்சி சொன்னார். மறு ஆண்டே கார்போவுக்கு 25 ஆண்டுச் சிறை. ஆணையம் அந்தக் கும்பலை நினைத்து அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தொழில் முழுவதையும் பீடித்திருந்த நோய்க்கு, அதில் மாட்டிக்கொண்ட ஒருவரையே முகமாக ஆக்கியதில் என்ன நியாயம்?

பந்தயம் சிகாகோவுக்கு மாறியது. அதற்குள் அது நல்லவருக்கும் கெட்டவருக்கும் நடக்கும் சண்டையாகவே பேசப்பட்டது. லிஸ்டனை வென்றாக வேண்டும் என்று அதிபர் கென்னடியே தன்னிடம் சொன்னதாகப் பேட்டர்சன் பின்னாளில் கூறினார். கறுப்பின உரிமைத் தலைவர்களிலும் பலர் பேட்டர்சன் பக்கம்தான். லிஸ்டன் தங்கள் போராட்டத்தின் பெயரைக் கெடுத்துவிடுவார் என்ற கவலை அவர்களுக்கு. செப்டம்பர் 25 அன்று லிஸ்டனுக்கு இரண்டு நிமிடமும் ஆறு நொடியும் போதுமாயிருந்தன.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் புதிய சாம்பியன் தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை, உடன் பயணித்த நிருபர் ஜாக் மெக்கினி நினைவுகூர்ந்திருக்கிறார். தன்னை மதிக்கும்படி நடந்துகொள்வேன் என்று மக்களிடம் சொல்ல அவர் ஆசைப்பட்டிருக்கிறார். ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியபோது சில நிருபர்களும் விமான நிலைய ஊழியர்களும்தான் நின்றார்கள். வரவேற்புக் கூட்டம் என்று எதுவும் இல்லை.

பட்டம் அவரிடம் இருந்தது 1964 பிப்ரவரி வரைதான். பறித்தவர், பின்னர் முகமது அலி ஆன காசியஸ் கிளே. 1967இல் ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் உரிமத்தையும் இதே நியூயார்க் ஆணையம் பிடுங்கியது. அலி வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் ஆணையத்தின் சொந்தக் கோப்புகள் வாய்திறந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்களுக்குக் குறைந்தது 244 முறை உரிமம் தரப்பட்டோ புதுப்பிக்கப்பட்டோ இருந்தது. கொலை, வல்லுறவு, ஆயுதமேந்திய கொள்ளை என அவர்களின் குற்றங்கள் நீண்டன. 1970 செப்டம்பரில் நீதிமன்றம் அலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒழுக்கம் என்ற அளவுகோலை ஆணையம் வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது மூடி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1971 ஜனவரி 5 அன்று லாஸ் வேகாஸ் வீட்டில் லிஸ்டன் பிணமாகக் கிடந்ததை அவர் மனைவி கண்டார்.

கும்பல் தொடர்பைக் காட்டி லிஸ்டனுடனான சண்டையைத் தட்டிக் கழித்துவந்தவர் பேட்டர்சனின் மேலாளர் கஸ் டமாட்டோ. அதே டமாட்டோதான் 1980 வாக்கில் சீர்திருத்தப் பள்ளியிலிருந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் மைக் டைசனைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். அது நல்ல காரியம். சிறுவயதில் செய்த திருட்டுக்காக ஒருவனின் வாழ்க்கையை முடக்கக் கூடாது.

ஆனால் டைசனின் 1992ஆம் ஆண்டு வழக்கு அந்த வகையில் சேராது. இண்டியானாபொலிஸில் பதினெட்டு வயதுப் பெண்ணை வல்லுறவு செய்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார். தான் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார்; நடுவர் குழு அதை ஏற்கவில்லை. லிஸ்டன் கொள்ளையடித்தபோது அவர் யாருமற்ற ஒருவர். டைசனிடமோ புகழும் பணமும் ஆள்பலமும் இருந்தன. புகார் சொன்ன பெண்ணையே சந்தேகிக்க ஊரில் ஆட்கள் ஏராளம். மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான சிறைவாசத்துக்குப் பிறகு அவர் மீண்டும் மேடையேறியதில் தவறில்லை. தண்டனை முடித்தவருக்குப் பிழைக்கும் உரிமை உண்டு, லிஸ்டனுக்கும் அதுவே பொருந்தியிருக்க வேண்டும். பாராட்டு வேறு விஷயம். 2009இல் ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் செல்லப்பிள்ளையாக வந்தார். 2011இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தில் இடம். 2022இல் தமிழிலும் டப் செய்யப்பட்டு வந்த ‘லைகர்’ படத்தின் விளம்பரங்களில் அவர் பெயர்தான் பெரிய ஈர்ப்பு. அந்த ஆரவாரத்தில் 1992 என்ற ஆண்டை நினைவூட்டியவர்கள் மிகச் சிலர்.