படக்கதையும் பாடநூலும்

சிறுவர்களின் கைக்குப் போகக்கூடாத படக்கதைகளைத் தடுப்பதற்கென்று இந்தியாவில் ஒரு சட்டம் உண்டு. 1956-இல் நாடாளுமன்றம் இயற்றிய இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம் அது. குற்றச் செயலையோ வன்முறையையோ அருவருப்பான நிகழ்ச்சிகளையோ பெரும்பாலும் சித்திரித்து, இளையோரின் மனதைக் கெடுக்கக்கூடிய கதைகளை விற்பதும் அச்சிடுவதும் இதன்படி குற்றம். கதை எழுத்தில் மட்டும் வந்தாலும், படத்துடன் வந்தாலும், முழுக்கப் படமாகவே வந்தாலும் சட்டம் பொருந்தும். தண்டனை ஆறு மாதம் வரை சிறை. இருபது வயது நிரம்பாதவர் எல்லாரும் இதன் கணக்கில் இளையோர்தான். கல்லூரி மாணவர் பலரும் அதில் அடக்கம்.

இந்தச் சட்டத்துக்குக் காரணமான அச்சம் கடல் கடந்து வந்தது. 1954-இல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், காமிக்ஸ் படிப்பது சிறுவர்களைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு செனட் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் அரசு தலையிடும் முன்பே தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். பிரிட்டன் 1955-இல் சட்டம் போட்டது, இந்தியா அடுத்த ஆண்டு. அப்போது தமிழ்ச் சிறுவர்களின் கையில் இருந்ததோ 1947-இல் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ போன்ற இதழ்கள். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் பார்த்து யாரும் சட்டம் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

தமிழில் காமிக்ஸ் பெருகியது இதற்குப் பிறகுதான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றிலிருந்து வந்தவன். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. கொலை, கடத்தல், துப்பாக்கிச் சூடு எதற்கும் அவற்றில் பஞ்சமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவற்றைத் தடுக்க 1956 சட்டம் தேவைப்படவில்லை. கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்த இதழை ஆசிரியர் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது. எந்த உத்தரவிலும் பதிவாகாத இந்தத் தடைதான் தமிழகத்தில் மிக நீண்ட காலம் நீடித்தது. அதன் அடிப்படை ஒழுக்கம்கூட அல்ல. படம் பார்ப்பது படிப்பாகாது என்ற எண்ணம். புராணங்களையும் வரலாற்றையும் சொன்ன ‘அமர் சித்திரக் கதை’ 1967 முதல் வெளிவந்து, பெற்றோரின் மனத்தடையை ஓரளவு குறைத்தது.

படம் பாடநூலுக்குள்ளேயே நுழைந்தபோது சண்டையின் தன்மை மாறியது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி, யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் முதன்மை ஆலோசகர்களாக இருந்து என்.சி.இ.ஆர்.டி.யின் அரசியல் அறிவியல் நூல்கள் எழுதப்பட்டன. அவற்றில் பழைய கேலிச்சித்திரங்கள் தாராளமாகச் சேர்க்கப்பட்டன. உன்னி, முன்னி என்ற இரண்டு கேலிச்சித்திரப் பாத்திரங்கள் பக்க ஓரத்தில் நின்று ஏடாகூடமான கேள்விகள் கேட்டன. மாணவரும் அப்படிக் கேட்க வேண்டும் என்பதே நோக்கம்.

பதினோராம் வகுப்பு நூலில் இருந்த ஒரு சித்திரம் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் வரைந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையுடன் நிற்கிறார். நூல் 2006 முதல் வகுப்பறையில் இருந்தது. 2012 மே மாதம் சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன் மக்களவையில் இதை எழுப்பினார். பல கட்சியினரும் சேர்ந்துகொள்ள அவை அமளியானது. மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, சித்திரம் நீக்கப்படும் என்றார். யாதவும் பல்ஷிகரும் பொறுப்பிலிருந்து விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறை சூறையாடப்பட்டது. வரைந்த காலத்தில் சங்கரின் கேலிக்கு இலக்கு அரசியலமைப்பின் தாமதம். அறுபதாண்டுகள் கழித்து, ஒரு தலித் மாணவரின் கண்ணுக்கு முதலில் படுவது அம்பேத்கரை நோக்கி ஓங்கிய சாட்டையாக இருக்கலாம். இரண்டு பார்வையையும் வகுப்பில் விவாதித்திருக்க முடியும். அந்த வாய்ப்பு ஆசிரியர்களுக்குக் கிடைப்பதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது.

அடுத்த மாதமே தமிழகத்தை நேராகத் தொட்ட சித்திரம் வெளிச்சத்துக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணனின் சித்திரம் அது. போராடும் மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியவில்லை என்பது அதிலிருந்த கேலி. உயிர்ப்பலி கொடுத்த ஒரு போராட்டத்தைப் படிப்பில்லாதவரின் கலவரமாகக் காட்டுவதாகக் கண்டனம் எழுந்தது. கருணாநிதியும் வைகோவும் முதல்வர் ஜெயலலிதாவும் அதை நீக்கச் சொன்னார்கள். மூவரும் ஒரே பக்கம் நின்றது தமிழக அரசியலில் அடிக்கடி நடப்பதல்ல. இன்னொரு முரணும் இருந்தது. அந்த நூல் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு உரியது. தமிழகப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாநிலப் பாடநூலைப் படிப்பவர்கள். செய்தித்தாளில் வந்திருக்காவிட்டால் அந்தச் சித்திரத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

நூல்களை ஆராய எஸ்.கே. தோரட் தலைமையில் அமைந்த குழு, பல சித்திரங்களை நீக்கவோ மாற்றவோ பரிந்துரைத்தது. உறுப்பினர்களில் ஒருவரான எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். எம்.ஜி.ஆரின் திரை உருவம் அரசியலான கதையை ஆராய்ந்து, தமிழில் ‘பிம்பச் சிறை’ என்று வெளிவந்த நூலை எழுதியவர் அவர். ஒரு பிம்பத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று அந்தக் குழுவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அவரே அப்படி எழுதியது கவனிக்கத் தக்கது.

பாடநூல் பக்கத்தை மறைப்பது தமிழகத்துக்குப் புதிதும் அல்ல. முந்தைய ஆண்டு ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வி நூல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2011 ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் அவற்றையே வழங்க உத்தரவிட்டபோது, முந்தைய முதல்வரோடு தொடர்புடைய பகுதிகள் மேல் தாள் ஒட்டப்பட்டே புத்தகங்கள் பிள்ளைகள் கைக்குப் போயின. ஒட்டிய தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருந்திருக்காது.

அமெரிக்காவில் இந்தத் தடை வேறு வழியில் நடக்கிறது. 2013-இல் சிகாகோ பள்ளி நிர்வாகம், ஈரானியப் பெண் ஒருவர் தம் இளமையைச் சொல்லும் ‘பெர்செபோலிஸ்’ நூலை ஏழாம் வகுப்பிலிருந்து விலக்கியது. சித்திரவதையைக் காட்டும் சில படங்கள்தான் காரணம். 2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் மெக்மின் வட்டாரக் கல்வி வாரியம், யூதப் படுகொலையை எலி, பூனை உருவங்களில் சொல்லும் ‘மவுஸ்’ நூலை எட்டாம் வகுப்பிலிருந்து பத்துக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் எடுத்தது. சில வசைச் சொற்களும் ஒரு சிறிய நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற நூல் அது. இரண்டு இடத்திலும் முடிவு அந்த வட்டாரத்தோடு நின்றது. அடுத்த ஊர்ப் பள்ளி அதே நூலைத் தொடர்ந்து நடத்தலாம். இந்தியாவில் ஒரு படத்தை நீக்கினால், அந்த நூலைப் படிக்கும் எல்லாப் பள்ளியிலிருந்தும் அது போய்விடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பழனி மலைக்குள்ளேயே காணலாம். கொடைக்கானலில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி, இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976-இல் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அந்தத் திட்டத்தில் கிராஃபிக் நாவலும் ஓர் இலக்கிய வடிவம். எந்த நூலை நடத்துவது என்பதைப் பெருமளவு ஆசிரியர் தீர்மானிக்கிறார். அங்கே ஒரு நூலின் மேல் ஆட்சேபம் எழுந்தால், ஆசிரியரும் பெற்றோரும் நிர்வாகமும் பேசித் தீர்க்கும் உள்விவகாரம் அது. சற்றுத் தள்ளி, பள்ளங்கி போன்ற மலைக் கிராமங்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் பாடநூல் சென்னையில் முடிவாகி அச்சாகி வருகிறது. துணைப்பாடத்துக்கும் வழக்கமாகச் சிறுகதையும் உரைநடையுமே. 2022 முதல் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களை அனுப்புகிறது. ஆனாலும், வயதுக்கு மிஞ்சியதா இல்லையா என்று வாதிட வேண்டிய கனமான கிராஃபிக் நாவல் எதையும் அங்குள்ள ஆசிரியர் தாமாகத் தேர்ந்தெடுத்துப் பாடமாக நடத்த இடமில்லை. அதனால் அதைத் தடை செய்யலாமா என்ற கேள்வியும் அவரிடம் இதுவரை வந்ததில்லை.