அரசமரம் சொல்லாத பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் எங்கள் நண்பர் ஒருவர், வந்தியத்தேவனின் முதுமைக் காலத்தைக் கற்பனை செய்து, கல்கியின் பாத்திரங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஒரு தொடர்கதை எழுதினார். பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டு, வேறொருவரின் சொந்த நாவலாக அது அச்சில் வந்தது. "நானே கல்கியிடம் கடன் வாங்கியவன். எந்த முகத்தோடு கேட்பது?" என்றார் நண்பர். அந்தத் தயக்கத்திற்கு விடை நம் இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறது.

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதையென்று நெடுங்காலம் கொண்டாடப்பட்ட அக்கதையில், தாகூர் 1884இல் வங்காளத்தில் எழுதிய 'காட்டேர் கதா'வின் சாயலைப் பின்வந்த விமர்சகர்கள் கண்டனர். அங்கே கங்கைப் படித்துறை கதை சொல்கிறது. இங்கே குளத்தங்கரை மரம். இரண்டிலும் இளம்பெண் நீரில் மூழ்கி மடிகிறாள். எனினும் தாகூரின் குசும், சந்நியாசி ஒருவர்மீது மனம் வைத்த இளம் விதவை. ஐயரின் ருக்மிணியோ, அர்பத்நாட் கம்பெனி முறிந்து தகப்பனாரின் செல்வம் அழிந்ததால் புகுந்த வீட்டாரால் ஒதுக்கப்பட்டவள். சென்னையில் 1906இல் நிகழ்ந்த அந்த வீழ்ச்சி பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. ஆக, சட்டகம் தாகூருடையது, துயரம் ஐயருடையது. ஆனால் கதைக்குள் தாகூரின் பெயர் இல்லை. அந்த ஒரு வரி இல்லாமையால், 'தழுவலா, திருட்டா' என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. ஐயரின் சொந்தப் பங்கும் ஐயத்திற்குள்ளாகிறது.

இதற்கு மாறாக, விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' பொன்னியின் செல்வனின் தொடர்ச்சி என்று அறியப்பட்டே வாசிக்கப்பட்டது. கடன் வெளிப்படையாக இருந்ததால் அவருடைய பங்கு எது என்பதில் குழப்பம் எழவில்லை.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றை யாரும் அச்சிடலாம், தொடரலாம். அதனால் அவற்றை எழுதியவர் கல்கி என்பது மாறிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும், உரிமையை விற்ற பிறகுகூட 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமையை ஆசிரியரிடமே விட்டுவைக்கிறது.

ஆகவே நண்பருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: வந்தியத்தேவன் கல்கி தந்தவன், அவனது முதுமையைச் சொல்லும் வாக்கியங்கள் உங்களுடையவை. கல்கியின் பெயரை நீங்கள் மறைக்கவில்லை. உங்கள் பெயரை மறைத்தவரைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.