சப்பிரகமுவா மலைச்சாரலும் பழுது பொறுக்கும் கணினித் தொகுதிகளும்

நம்பத்தகாத உறுப்புக்களைக் கொண்டு நம்பத்தக்க முழுமையொன்றை ஆக்கல் இயலுமோ என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கணித அறிஞரின் சிந்தனையைக் கவர்ந்தது. அவ்வினா ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலே, மலைச்சரிவை அண்டிய லயங்களில் வாழும் மக்களுக்கு அஃது உயிரோடு பிணைந்த வினாவாகும்.

தோட்டங்களில் மழையை அளந்து பதிதல் துரைமார் காலந்தொட்டு வரும் வழக்கம். காரியாலய முற்றத்தில் நின்ற மழைமானியின் அளவைக் காலைதோறும் ஏட்டிற் குறித்தனர். ஒரு தோட்டத்து ஏடு பிழைத்தாலும் அயற்றோட்டத்து ஏடு உண்மையைக் காட்டிவிடும். எனினும், நாளுக்கொருமுறை எடுக்கும் அளவு, இரவிற் கொட்டிய மழையை விடிந்தபின்னரே உணர்த்தும். மலையோ விடியும்வரை காத்திராது. 2016 ஆம் ஆண்டு மே 17 ஆந் தேதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளிற் புளத்கொஹுப்பிட்டியப் பகுதியிலே தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணுள் அகப்பட்டது.

ஆகவே, கருவி விரைந்து பேசுதல் வேண்டும். பேசுவது மெய்யாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறும் நெறியைக் கணினி ஆராய்ச்சியாளர் படிப்படியாக வகுத்தனர். யோன் வொன் நியூமன் 1952 இல் ஆற்றிய விரிவுரைகள் 1956 இல் நூலிடம் பெற்றன. ஒரே வேலையைப் பல உறுப்புக்களிடம் ஒப்புவித்துப் பெரும்பான்மை விடையை ஏற்பின், சிலவற்றின் பிழை முழுமையைக் கெடுக்காது என்பது அவற்றின் சாரம். சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச்சென்ற சற்றேண் ஐந்து ஏவுகலத்தின் கணினியும் மும்மடி உறுப்புக்களாலும் வாக்கெடுப்பாலும் காக்கப்பட்டது.

ஆயின், பழுதுற்ற உறுப்பு ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் கூறுமாயின் யாது செய்வது? விமானக் கணினிகளை ஆராய்ந்த பீஸ், ஷொஸ்டாக், லம்போட் ஆகிய மூவரும் இதனை 1980 இல் ஆய்ந்து, 1982 இல் 'பைசாந்தியத் தளபதிகள்' என்னும் உருவகத்தால் விளக்கினர். செய்திக்குக் கையொப்பம் போன்ற சான்று இல்லாதவிடத்து, ஒரு வஞ்சகனைப் பொறுப்பதற்கு மூவர் போதார். நால்வர் வேண்டும் என நிறுவினர். 1985 இல் பிஷர், லிஞ்ச், பற்றர்சன் என்போர் இன்னுமோர் எல்லையைக் காட்டினர். செய்தி வந்துசேரும் காலத்துக்கு வரம்பில்லாத வலையமைப்பிலே, ஓர் உறுப்பு செயலற்றுப்போகக் கூடுமாயினும், தவறாது உடன்பாட்டை எய்துவிக்கும் நிர்ணயமான முறை எதுவும் இல்லை. தாமதித்தவனையும் இறந்தவனையும் வேறுபிரித்தறிய இயலாமையே இதன் வேர்.

இம்முடிபுகள் மலைச்சாரலுக்கு எங்ஙனம் பொருந்துமென நோக்குவோம். 1984 இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று தானியங்கி மழைமானிகளை மலைநாட்டிற் பரவலாக நிறுவி, அவற்றின் அளவுகளைத் தொலைத்தொடர்பு வழியே பெற்றுவருகின்றது. 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்னும் மழையளவுகள் எச்சரிக்கையின் படிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால், பெருமழையின் நடுவே ஒரு மானி மௌனமாயின் அதற்கு மழை ஓய்ந்தது என்பது பொருளன்று. மின்கலம் தீர்ந்திருக்கலாம், தொடர்புக்கோபுரம் சாய்ந்திருக்கலாம். மௌனத்தை நலச்செய்தியாகக் கொள்ளும் அமைப்பு, பழுதையே சான்றாகக் கொள்ளும் அமைப்பாகும். மானிகள் பலவாயினும் அவை யாவும் ஒரே கோபுரத்தை நம்பியிருப்பின் ஒருங்கே வீழும். எண்ணிக்கை மட்டும் காவலன்று, ஒன்றன் கேடு மற்றொன்றைத் தொடராமையே காவல்.

தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து தோட்ட நிருவாகத்துக்கும், பின்னர் லயத்துக்கும் செல்லும் எச்சரிக்கையும் ஒற்றைச் சங்கிலியே. ஒரு கண்ணி அறினும், செய்தி விளங்காத மொழியில் வரினும், முன்னைய கருவிகள் அனைத்தும் செய்த வேலை வீணாகும். எனவே, சுவரின் புது வெடிப்பையும் ஊற்றுநீரின் திடீர்க் கலங்கலையும் முதலிற் காணும் தொழிலாளியும் அவ்வலையமைப்பின் ஓர் உறுப்பெனக் கொள்ளப்படல் வேண்டும். அவரது சொல் மேலே செல்வதற்கும் ஒரு வழி இருத்தல் வேண்டும். பழுதே நேராது என்னும் நம்பிக்கையை விடுத்து, பழுது நேருமென முன்னரே ஏற்று அமைத்தலே இவ்வாராய்ச்சி கற்பிக்கும் பாடம். அப்பாடத்தை மலையடிவாரத்துக்குக் கொண்டுசெல்லல் கற்றோர் கடனாகும்.