சுயமாகக் கற்ற முகப்பு வலை நிரலாளர்

சுயமாகக் கற்ற முகப்பு வலை நிரலாளர் என்பவர், கணினியியலில் முறையான பட்டம் இன்றி, நூல்கள், இணையப் பாடங்கள், பிறர் எழுதிய நிரல்கள் ஆகியவற்றின் துணையுடன் தாமே பயின்று, வலைத்தளங்களில் பயனர் காணும் பகுதியை உருவாக்கும் தொழிலில் ஈடுபடுபவர் ஆவார். இவர்களுள் பலர் ஆசிரியப் பணி, விளம்பரத் துறை, இதழியல், அச்சுக்கலை, விற்பனை முதலான வேறு தொழில்களிலிருந்து இத்துறைக்கு மாறியவர்கள். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களைப் போலன்றி, வலை நிரலாக்கத்தில் ஈடுபடச் சட்டப்படி உரிமமோ பதிவோ தேவையில்லை. கணினித் துறையின் பிற கிளைகளைவிட முகப்பு நிரலாக்கத்தில் சுயகற்றல் பரவலாகக் காணப்படுவதற்கு வலையின் தொழில்நுட்ப அமைப்பும் வரலாறும் காரணங்களாக உள்ளன.

வரையறை

வலைத்தளம் ஒன்றின் செயற்பாட்டைப் பொதுவாக இரு பகுதிகளாகப் பிரிப்பர். வழங்கியில் இயங்கித் தரவுகளைச் சேமித்து அனுப்பும் பகுதி பின்புலம் எனப்படும். பயனரின் உலாவியில் இயங்கும் பகுதி முகப்பு எனப்படும். முகப்பு மூன்று மொழிகளால் அமைகிறது. பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் எச்.டி.எம்.எல். என்ற மீயுரைக் குறிமொழி குறிக்கிறது. நிறம், எழுத்துரு, இடைவெளி, இட அமைவு ஆகியவற்றை சி.எஸ்.எஸ். என்ற பாணித்தாள் மொழி தீர்மானிக்கிறது. பயனரின் செயலுக்கு ஏற்பப் பக்கம் மாறுவதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி நிகழ்த்துகிறது.

வரலாறு

தொடக்கம் (1989-1996)

உலகளாவிய வலைக்கான முன்மொழிவை டிம் பேர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் அளித்தார். அவர் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் பயன்படக்கூடியதாக இருந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் விடுவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவி வலையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்த சி.எஸ்.எஸ்., 1996 திசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளியானது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக், 1995 மே மாதத்தில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் எழுதினார்.

இக்காலத்தில் வலை உருவாக்கத்தைக் கற்பிக்கும் பட்டப்படிப்பு ஏறத்தாழ எங்கும் இல்லை. எனவே முதல் தலைமுறை வலை நிரலாளர்களில் பெரும்பாலோர் சுயமாகக் கற்றவர்களே.

உலாவிப் போரும் தர இயக்கமும் (1996-2006)

நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்களின் உலாவிகள் ஒரே நிரலை வெவ்வேறு விதமாகக் காட்டின. ஒரு தளத்தை இரண்டு முறை எழுதவேண்டிய நிலை இருந்தது. இதனை எதிர்த்து 1998-இல் வலைத் தரங்கள் திட்டம் என்ற தன்னார்வ இயக்கம் தொடங்கப்பட்டது. ஒரே எச்.டி.எம்.எல். கோப்பை சி.எஸ்.எஸ். மாற்றத்தால் மட்டும் முற்றிலும் வேறு தோற்றங்களில் காட்ட முடியும் என்பதை, டேவ் ஷே 2003-இல் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் தளம் மெய்ப்பித்தது. அதன் கோப்புகளைப் பதிவிறக்கி மாற்றிப் பார்ப்பது அக்காலத்தில் பலருக்குப் பயிற்சியாக அமைந்தது.

நூலகங்களும் சட்டகங்களும் (2006 முதல்)

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்குவெரி நூலகம் உலாவிகளுக்கிடையே இருந்த வேறுபாடுகளை மறைத்துப் பணியை எளிதாக்கியது. கைபேசிகள் பெருகிய நிலையில், 2010-இல் ஈத்தன் மார்கோட் திரையின் அளவுக்கேற்ப மாறும் வலை வடிவமைப்பை முன்வைத்தார். 2013-இல் ரியாக்ட், 2014-இல் வியூ ஆகியன வெளியாயின. இவற்றின் வருகைக்குப் பின் முகப்பு நிரலாளர் கற்கவேண்டியவற்றின் அளவு பெரிதும் கூடியது. மென்பொருள் பொதி மேலாண்மை, நிரல் தொகுப்புக் கருவிகள், தன்னியக்கச் சோதனை ஆகியனவும் பணியின் பகுதிகளாயின.

சுயகற்றலுக்கு ஏற்ற இயல்புகள்

மூல நிரலின் வெளிப்படைத் தன்மை: வலைப்பக்கத்தின் நிரல் பயனரின் உலாவிக்கே அனுப்பப்படுவதால், அதனை எவரும் திறந்து படிக்கலாம். மூலத்தைக் காட்டும் வசதி தொடக்ககால உலாவிகளிலேயே இருந்தது. 2006-இல் வெளியான ஃபயர்பக் நீட்சி, இயங்கும் பக்கத்தையே மாற்றிச் சோதிக்க வழிசெய்தது. பின்னர் எல்லா முதன்மை உலாவிகளும் இத்தகைய கருவிகளை உள்ளடக்கின. எனினும், தற்காலத்தில் பல தளங்களின் நிரல் சுருக்கப்பட்டு அனுப்பப்படுவதால், அவற்றைப் படித்துக் கற்பது முன்பு போல் எளிதன்று.

குறைந்த செலவு: உரைத் தொகுப்பி ஒன்றும் உலாவி ஒன்றும் இருந்தால் முதல் பக்கத்தை எழுதிவிடலாம். விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை.

பிழை பொறுக்கும் தன்மை: பல நிரல்மொழிகளில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் நிரல் இயங்காது. எச்.டி.எம்.எல். பிழையாக எழுதப்பட்டாலும் உலாவி இயன்றவரை பக்கத்தைக் காட்டும். அறியாத சி.எஸ்.எஸ். கட்டளையை அது விட்டுவிட்டு மேலே செல்லும். தொடக்கநிலைக் கற்பவருக்கு இது ஊக்கமளிக்கிறது. அதேவேளை, பிழை இருப்பதே தெரியாமல் போவதற்கும் இதுவே காரணமாகிறது.

உடனடி விளைவு: கோப்பைச் சேமித்துப் பக்கத்தைப் புதுப்பித்தவுடன் மாற்றம் கண்முன் தெரிகிறது. ஆசிரியர் இல்லாத இடத்தில் இதுவே திருத்தம் சொல்லும் ஆசிரியராக அமைகிறது.

கற்றல் வளங்கள்

1998-இல் தொடங்கிய டபிள்யூ3ஸ்கூல்ஸ், 2005-இல் மொசில்லா தொடங்கிய உருவாக்குநர் ஆவணத் தளம், 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃபுளோ வினா-விடைத் தளம் ஆகியன இத்துறையினர் பெரிதும் பயன்படுத்தியவை. உலாவியிலேயே பயிற்சி செய்யும் முறையை 2011-இல் கோட்அகாடமி பரவலாக்கியது. 2014-இல் தொடங்கப்பட்ட ஃபிரீகோட்கேம்ப் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பாகும். 2018-இல் அதன் பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒவ்வொரு சான்றிதழும் ஏறத்தாழ 300 மணிநேரப் பயிற்சியாக வகுக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் ஒதுக்கினால், ஒரு சான்றிதழுக்கு ஐந்து மாதங்கள் தேவைப்படும்.

2012 முதல் அமெரிக்காவில் சில வாரங்கள் அல்லது சில மாதங்களில் நிரலாக்கம் கற்பிக்கும் கட்டணப் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. இவற்றுள் முன்னோடியான சான் பிரான்சிஸ்கோவின் டெவ் பூட்கேம்ப் 2012-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது.

தமிழில், 2012 சனவரி முதல் வெளிவரும் கணியம் இதழும், அதன் சார்பில் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் வெளியான எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

வேறு துறைகளிலிருந்து வந்த சிலர்

ஜெஃப்ரி செல்ட்மன் இதழாளராகவும் இசைக்கலைஞராகவும் விளம்பர எழுத்தாளராகவும் பணியாற்றியவர். 1995-இல் ஒரு திரைப்படத்திற்கான வலைத்தளத்தை உருவாக்கியதன் மூலம் இத்துறைக்கு வந்தார். வலைத் தரங்கள் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர்.

எரிக் மேயர் வரலாற்றுப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் வலைப் பணியை ஏற்றிருந்தபோது சி.எஸ்.எஸ். கற்று, பின்னர் அத்துறையின் முதன்மை நூலாசிரியர்களுள் ஒருவரானார்.

எவன் யூ கலை வரலாறும் ஓவியக்கலையும் பயின்றவர். வியூ சட்டகத்தை உருவாக்கினார்.

குவின்சி லார்சன் ஆசிரியராகவும் பள்ளி நிர்வாகியாகவும் இருந்து, முப்பது வயதிற்குப் பின் நிரலாக்கம் கற்றவர். ஃபிரீகோட்கேம்பைத் தொடங்கினார்.

இவர்கள் எவரும் தமது முந்தைய படிப்பையோ தொழிலையோ முற்றாகக் கைவிட்டவர்கள் எனக் கூற இயலாது. எழுத்து, கற்பித்தல், வடிவமைப்பு ஆகியவற்றில் பெற்ற பயிற்சியே புதிய துறையில் அவர்களுக்குத் தனியிடம் பெற்றுத் தந்தது.

பணியில் சேர்தல்

பட்டம் இல்லாத நிலையில், விண்ணப்பதாரர் தாம் உருவாக்கிய தளங்களின் தொகுப்பையே சான்றாகக் காட்டுகிறார். கிட்ஹப் போன்ற களஞ்சியங்களில் நிரலைப் பொதுவில் வைப்பதும், திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பதும் வழக்கம். பாடத்தைப் பார்த்து எழுதிய பயிற்சித் தளங்களைவிட, உண்மையான ஒரு பயனருக்காக உருவாக்கிய சிறு தளம் கூடுதல் மதிப்புடையது. ஒரு கடைக்கோ பள்ளிக்கோ எழுதும்போதுதான், படிவத்தில் தவறான எண் இடப்பட்டால் என்ன செய்வது, இணைப்பு அறுந்தால் என்ன காட்டுவது என்ற கேள்விகள் எழுகின்றன.

ஸ்டாக் ஓவர்ஃபுளோ 2016-இல் நடத்திய கணக்கெடுப்பில் 56,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அவர்களுள் 69 விழுக்காட்டினர் முழுமையாகவோ ஓரளவோ சுயமாகக் கற்றதாகவும், 13 விழுக்காட்டினர் சுயகற்றலை மட்டுமே நம்பியதாகவும் தெரிவித்தனர். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. நிரலாளர்களில் பெரும்பாலோர் சுயமாகவும் கற்கின்றனர், ஆனால் சுயமாக மட்டுமே கற்றவர்கள் சிறுபான்மையினர். மேலும், இக்கணக்கெடுப்பு தாமாக முன்வந்து விடையளித்தோரை மட்டுமே கொண்டது.

இந்தியாவில் பெரிய மென்பொருட் சேவை நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு, பெரும்பாலும் கல்லூரி வளாகங்களில் பட்டத்தையும் மதிப்பெண் விழுக்காட்டையும் அடிப்படையாகக் கொண்டு நடைபெறுகிறது. படிப்பிற்கும் வேலைக்கும் இடையே உள்ள ஆண்டு இடைவெளியும் அங்குத் தடையாகலாம். இதனால் துறை மாறுவோர் சிறு நிறுவனங்கள், தொடக்க நிறுவனங்கள், தற்சார்புப் பணி ஆகியவற்றின் வழியாகவே நுழைவது வழக்கம்.

பொதுவான குறைபாடுகள்

சுயமாகக் கற்பவர் தமக்குத் தேவைப்பட்டதை மட்டுமே கற்கிறார். தமது திரையில் சரியாகத் தெரிவதை முடிந்த பணி எனக் கொள்வது இதனால் ஏற்படும் முதன்மையான குறையாகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான், சுட்டி இன்றி விசைப்பலகையால் மட்டும் இயக்குவோர், மெதுவான இணைப்பும் பழைய கைபேசியும் உடையோர் ஆகியோருக்கு அத்தளம் பயன்படாமற் போகலாம். பொத்தானுக்குரிய குறிச்சொல்லை விட்டுப் பொதுவான பெட்டிக் குறிச்சொல்லைப் பயன்படுத்தினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. திரைபடிப்பானுக்கு அது பொத்தானாகத் தெரியாது. வலை உள்ளடக்க அணுக்க வழிகாட்டுதல்கள் 1999-இலேயே வெளியிடப்பட்டன. எனினும், பல தொடக்கநிலைப் பாடங்களில் இவை இடம்பெறுவதில்லை.

தமிழ் உரையைக் கையாளுகையில் இத்தகைய இடைவெளி தெளிவாக வெளிப்படும். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்ற விடை கிடைக்கும். யுனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் எனத் தனித்தனியே பதியப்படுவதே இதற்குக் காரணம். இதனை அறியாமல் ஒரு தலைப்பை இத்தனை எழுத்துகளுக்கு மேல் வெட்டும்படி நிரல் எழுதினால், உயிர்மெய்யின் குறி அறுந்து சொல்லே மாறிவிடும். ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இப்பிழை ஒருபோதும் தென்படாது.

பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்து, சொந்தமாக எதையும் எழுதாமல் தேங்கிவிடுவது மற்றொரு குறையாகும். அடிப்படை மொழியில் தேர்ச்சி பெறுமுன் சட்டகங்களுக்குத் தாவுவதும் இவ்வகையினதே. சட்டகங்களுக்கான தேவை சில ஆண்டுகளில் மாறக்கூடும். மூன்று அடிப்படை மொழிகளோ 1990-கள் முதல் தொடர்ந்து நிலைத்துள்ளன.

விமர்சனங்கள்

சுயமாகக் கற்றுத் துறை மாறியோரின் அனுபவக் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. வென்றவர்களே பெரும்பாலும் எழுதுவர். முயன்று விலகியவர்கள் எழுதுவது அரிது. எனவே இக்கட்டுரைகளை மட்டும் கொண்டு வெற்றி வாய்ப்பை மதிப்பிட இயலாது. இலவசக் கல்வி என்பதும் முழு உண்மையன்று. பாடத்திற்குக் கட்டணம் இல்லாவிடினும், அதற்குத் தேவையான ஓய்வுநேரம், கணினி, அமைதியான இடம், வருமானமின்றிச் சில மாதங்களைத் தாங்கும் வசதி ஆகியன எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குடும்பப் பொறுப்புடையோருக்கும் வீட்டுப்பணியைச் சுமக்கும் பெண்களுக்கும் இது குறிப்பாகப் பொருந்தும்.

2022-க்குப் பின்

2022 இறுதியிலிருந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பணியாளர்களைக் குறைத்தன. மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் ஏறத்தாழ 11,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. இதனால் தொடக்கநிலைப் பணியிடங்களுக்கு அனுபவமுள்ளோரும் போட்டியிட்டனர். 2024 திசம்பரில் அமெரிக்காவின் 2யூ நிறுவனம் தனது நிரலாக்கக் குறும்பயிற்சிகளைக் கைவிடுவதாக அறிவித்தது.

2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிட்ஹப் கோபைலட், சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், எளிய பக்கங்களை விவரிப்பிலிருந்தே எழுதித் தருகின்றன. முன்னர் புதியவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட சிறு பணிகள் இவையே என்பதால், நுழைவாயில் குறுகுவதாகக் கருதப்படுகிறது. மறுபுறம், ஆசிரியர் இன்றிக் கற்பவருக்கு ஐயம் கேட்க ஒரு துணை கிடைத்துள்ளது. ஆனால் கருவி தரும் நிரலில் பிழை உள்ளதா என்பதைக் கண்டறிய, அந்நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு கற்பவருக்கு முன்கூட்டியே தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

உலகளாவிய வலை
எச்.டி.எம்.எல்.
ஜாவாஸ்கிரிப்ட்
திறமூல மென்பொருள்
வலை அணுக்கம்