ஓடுகளத்தில் யாருக்கு இடம்? இங்கிலாந்து தேசிய தடகளப் போட்டியின் கதை

தேசிய தடகள சாம்பியன்ஷிப் என்பது இன்று பெரும்பாலான நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. நாட்டிலேயே வேகமாக ஓடுபவர் யார், ஈட்டியை அதிக தூரம் எறிபவர் யார் என்று பார்த்து, ஒலிம்பிக்குக்கும் ஆசியப் போட்டிக்கும் அணி சேர்க்கிறார்கள். வீரரின் நேரத்தையும் தூரத்தையும் கேட்பார்களே தவிர, அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடியான இங்கிலாந்துப் போட்டியில், ஆரம்ப காலத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

கனவான்களுக்கு மட்டும்

ஆண்டு 1866. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்த சிலர் லண்டனில் ‘அமெச்சூர் அத்லெட்டிக் கிளப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் முதல் சாம்பியன்ஷிப் போட்டியையும் நடத்தினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் புகழ்பெற்ற படகுப் போட்டிக்காக எல்லோரும் லண்டனில் கூடும் சமயம் அது. அதையொட்டியே ஓட்டப் போட்டியையும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஓட்டப்பந்தயம் என்றாலே சூதாட்டம் என்ற பெயர் இருந்தது. மதுக்கடைக்காரர்கள் ஓடுகளம் அமைத்துப் பந்தயம் நடத்துவார்கள். ஓடுபவர்மீது பணம் கட்டுவார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்பவர்களும் உண்டு. இந்தக் குப்பையிலிருந்து விளையாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் புதிய சங்கம் ஒரு விதி போட்டது: பணத்துக்காக ஓடியவர்களும், பயிற்சி கொடுத்துப் பிழைப்பவர்களும் கலந்துகொள்ள முடியாது. இதுவரைக்கும் நியாயம் இருந்தது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரும் அமெச்சூர் அல்ல என்று விதியில் சேர்த்தார்கள். ஒரு பைசா வாங்காமல் ஓடினாலும், பகலில் சுத்தியல் பிடிப்பவருக்கு மாலையில் ஓட அனுமதி இல்லை. உடலுழைப்பு செய்பவர்களுக்குத் தசை வலு அதிகம், அவர்களோடு போட்டியிடுவது நியாயமில்லை என்று காரணம் சொன்னார்கள். கூலிக்காரரோடு ஒரே கோட்டில் நிற்கப் பிடிக்கவில்லை என்பதே உள்காரணம்.

ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்

எதிர்ப்பு மெல்ல வளர்ந்தது. லண்டன் அத்லெட்டிக் கிளப்பில் அலுவலக, வணிகக்காரர்கள் அதிகம். வசந்த காலத்தில் போட்டி வைத்தால் தங்களால் பயிற்சி செய்ய முடியவில்லை, கோடையில் வையுங்கள் என்றார்கள் அவர்கள். வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த சங்கங்களில் தொழிலாளர்கள் நிறைய. அவர்களுக்குக் கூலிக்காரர் தடையே பிடிக்கவில்லை. எல்லாப் போட்டியும் லண்டனிலேயே நடப்பதும் பிடிக்கவில்லை.

1879-ல் சண்டை முற்றி, பழைய சங்கம் வசந்தத்தில் ஒரு சாம்பியன்ஷிப்பையும், லண்டன் அத்லெட்டிக் கிளப் கோடையில் இன்னொன்றையும் நடத்தின. பின்னதற்குக் களம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். இன்று செல்சி கால்பந்து அணியின் மைதானமாக நம் வளாகப் பையன்களுக்கு நன்கு தெரிந்த அதே இடம், முதலில் தடகளத்துக்காகத்தான் 1877-ல் திறக்கப்பட்டது.

சமரசம் செய்து வைத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மூவர்: கிளெமென்ட் ஜாக்சன், பெர்ன்ஹார்ட் வைஸ், மான்டேகு ஷியர்மன். 1880 ஏப்ரல் 24 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் ராண்டால்ஃப் ஹோட்டலில் எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஆளுக்கொன்று விட்டுக்கொடுத்தார்கள். போட்டி கோடைக்கு மாறியது. லண்டன், நடுப்பகுதி, வடக்கு என்று ஊர் மாற்றி நடத்தச் சம்மதித்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தொழிலாளர் தடை நீங்கியது. பணம் வாங்கக் கூடாது என்பது மட்டும் நின்றது. இப்படிப் பிறந்ததுதான் ஏ.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அமெச்சூர் அத்லெட்டிக் அசோசியேஷன். அதன் முதல் சாம்பியன்ஷிப் அதே ஆண்டு ஜூலை 3 அன்று லண்டன் லில்லி பிரிட்ஜில் நடந்தது. மறு ஆண்டு பர்மிங்ஹாம், அதற்கடுத்த ஆண்டு ஸ்டோக்.

வேலை உடையில் ஓடியவர்

அந்த ஒரு வரியை நீக்கியதால் என்ன கிடைத்தது என்பதற்கு ஆல்ஃபிரட் ஷ்ரப் நல்ல சாட்சி. சசெக்ஸ் பகுதியில் கட்டட வேலை செய்த இளைஞர். ஒரு நாள் தீயணைப்பு வண்டியின் மணியோசை கேட்டதும், போட்டிருந்த வேலை உடையோடும் கனமான பூட்ஸோடும் அதன் பின்னாலேயே ஓடினார். குதிரை பூட்டிய வண்டிக்கு ஈடாக அவர் ஓடியதைப் பார்த்த உள்ளூர் ஓட்டச் சங்கத் தலைவர், அவரைத் தம் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். 1901 முதல் 1904 வரை நான்கு மைல், பத்து மைல் ஓட்டங்களில் ஷ்ரப்தான் தேசிய சாம்பியன். 1904 நவம்பரில் கிளாஸ்கோவில், ஒரே ஓட்டத்தில் பல உலகச் சாதனைகளை முறியடித்தார். பழைய விதி இருந்திருந்தால் அவர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்திருப்பார்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. அளவுக்கு மீறிச் செலவுத்தொகை வாங்கினார் என்று அவருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். தொழிலாளர் தடை போய்விட்டாலும் பண விதி இருந்ததே! சொத்து உள்ளவருக்கு அந்த விதி ஒரு பொருட்டல்ல. ஒரு நாள் ஓடப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்ற நிலையில் இருப்பவரைத்தான் அது அழுத்தியது.

கல்கத்தாவிலிருந்து ஒருவர்

இந்தப் போட்டியில் தொடக்கம் முதலே வெளிநாட்டவரும் ஓடலாம். அதனால் நம் நாட்டோடும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் நார்மன் பிரிட்சார்ட், 1900-ல் லண்டன் சென்று இந்த சாம்பியன்ஷிப்பின் 120 கெஜத் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அங்கிருந்து பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போய் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் கமிட்டி அந்த இரண்டையும் இந்தியாவின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பின்னாளில் அவர் நார்மன் ட்ரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் மௌனப் படங்களில் நடித்தது இன்னொரு கதை.

கதவு திறக்காத இன்னொரு தரப்பு பெண்கள். ஏ.ஏ.ஏ. அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால், 1922-ல் தனிச் சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே லண்டனை ஒட்டிய புரோம்லியில் தங்கள் சாம்பியன்ஷிப்பை நடத்திக் காட்டினார்கள். இரு சங்கங்களும் ஒன்றாக இணைய 1991 ஆனது. பண விதியும் 1980-களில் தளர்ந்து, கடைசியில் இல்லாமல் போனது. உலகத் தடகளக் கூட்டமைப்பு தன் பெயரிலிருந்தே ‘அமெச்சூர்’ என்ற சொல்லை 2001-ல் எடுத்துவிட்டது.

இதை நம் செய்திமடலில் எழுதக் காரணம் இருக்கிறது. பொங்கல் விளையாட்டு விழாவுக்கான விதிகளை நம் குழு விரைவில் எழுதப்போகிறது. ‘குடியிருப்பாளர்களின் பிள்ளைகள் மட்டும்’ என்ற வரி ஆண்டுதோறும் யோசிக்காமலே அதில் இடம்பெறுகிறது. காவலாளிகள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், தோட்டக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நம் வளாகத்தில்தான் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளோடுதான் ஓடுகிறார்கள். விழா நாளில் மட்டும் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன். கூடுதலாக நாலைந்து பரிசுக் கோப்பைகள் வாங்கினால் போதும். உங்கள் கருத்தையும் வந்து சொல்லுங்கள்.