ஊர்ப்பயணமும் பிரஜாவுரிமையும்: இலங்கையின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த ஓர் ஆய்வு

ஒரு நாட்டில் நெடுங்காலம் உழைத்து வாழ்ந்து, இடையிடையே அந்நாட்டை விட்டுச் சென்று மீண்ட ஒருவன் பிரஜாவுரிமை வேண்டி விண்ணப்பிக்குங்கால், அவன் அங்கே இல்லாதிருந்த காலத்தை அரசு எவ்வாறு மதிப்பிடுதல் நியாயம் என்னும் வினா, குடியேறியோர் வாழும் தேசங்கள் அனைத்திலும் எழுவதேயாகும். அவ்வினாவிற்குத் தவறான விடை கூறப்பட்டால் விளையும் கேட்டினை, இலங்கை மலைநாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரின் சரித்திரத்தைப் போலத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. ஒருவன் நாட்டை விட்டு எத்தனை மாதம் நீங்கியிருந்தான் என்பதை மாத்திரம் கணக்கிட்டு, எதற்காக நீங்கினான், எவற்றை விட்டுச் சென்றான், எங்கே திரும்பினான் என்பவற்றை ஆராயாத சட்டம், பிரஜைக்கும் வழிப்போக்கனுக்கும் உள்ள வேற்றுமையைக் காண வல்லதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண், அத்தமிழர் தோட்டத்துக்கும் பூர்விகக் கிராமத்துக்கும் இடையே மேற்கொண்ட ஊர்ப்பயணங்கள் எவ்வாறு தோன்றின என்பதை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச்சீமையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளின் வழியே மாத்தளை வரை நடந்து சென்ற தொழிலாளர், காப்பிப்பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை அதனிடத்தைப் பற்றியபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் நிலையாகத் தங்கலாயின. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைக்கப்பல் ஓடத் தொடங்கி இருகரை இரயில் பாதைகளும் இணைந்தமையால், ஊர் சென்று வருதல் முன்னினும் எளிதாயிற்று. ஆள் சேர்க்கும் கங்காணி தன் கிராமத்துக்குப் போய்த் தன் உறவினரையும் அண்டை அயலாரையுமே அழைத்து வருவது வழக்கமாதலின், தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான பந்தம் அற்றுப் போகாதிருந்ததற்குத் தோட்ட நிர்வாகத்தின் சொந்த ஏற்பாடும் காரணமாயிற்று.

இதனோடு மற்றொரு காரணமும் உண்டு. லயத்து அறை கம்பெனிக்கு உரியது. வேலை நின்றால் அதனை விட்டு வெளியேற வேண்டும். அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் பகிர்ந்தளிக்கப்பட்ட நிலமும் இவர்களுக்குக் கிட்டவில்லை. சொந்தமாக ஒரு சாண் மண்ணும் வாங்க வழியற்ற ஒருவன், முதுமைக்கும் நோய்க்கும் ஆதரவாகத் தன் பூர்விகக் கிராமத்துச் சுற்றத்தாரோடு உறவைப் பேணி வந்தானாயின், அதனை அவன் இலங்கையிடம் பற்றில்லாதிருந்தமைக்குச் சாட்சியமாகக் கொள்ளுதல் எவ்விதத்திலும் பொருந்தாது. வேரூன்ற இடமளியாத அமைப்பே பின்னர் வேரில்லாமையைக் குற்றமாகச் சாட்டிற்று.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவர்கூடத் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்தமையை நிரூபித்தாலன்றி வம்சாவளிப் பிரஜையாகார் என விதித்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்துப் பாட்டனின் பிறப்பைப் பத்திரம் கொண்டு நிறுவுதல் தோட்டத் தொழிலாளருக்கு ஏறக்குறைய அசாத்தியம். அவர்களுக்கென்று திறக்கப்பட்ட மற்றொரு வாயில், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். இதன்படி, 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும், அதற்குப்பின் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும், இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். ஒரு முறை வெளியே சென்றிருந்த காலம் 12 மாதத்தைக் கடந்துவிட்டால் அத்தொடர்ச்சி அறுபட்டதாகும். மணமான ஆணின் விஷயத்தில் அவன் மனைவியும் சிறு பிள்ளைகளும் அங்கேயே வாழ்ந்தமையும் ஆராயப்பட்டது. விண்ணப்பிக்க அளித்த தவணை இரண்டே ஆண்டு. 1951 ஆகஸ்டு 5ஆம் தேதியோடு அது முடிவுற்றது.

இச்சட்டத்தின் தருக்கத்தைச் சிறிது நுணுகி நோக்குதல் அவசியம். வாசத்தை அளக்கும் முறைகள் இரண்டு உள. ஒன்று, குறித்த ஒரு கால எல்லைக்குள் ஒருவன் நாட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிக் காண்பது; மற்றொன்று, இருப்பு அறுபடாமல் தொடர்ந்ததா என்று காண்பது. முன்னதில், வெளியே கழிந்த மாதங்கள் மட்டுமே கழிக்கப்படும். பின்னதிலோ, ஒரு நீண்ட பிரிவு அதற்கு முன் சென்ற ஆண்டுகள் யாவற்றையும் அழித்துவிடும். இருபது ஆண்டு கொழுந்து பறித்தவளின் உழைப்பைப் பதின்மூன்று மாதப் பிரிவு ஒன்று இல்லையென்று ஆக்கிவிடும். இலங்கைச் சட்டம் தேர்ந்துகொண்டது இக்கொடிய இரண்டாம் முறையையே. மேலும், அது அளக்க எடுத்துக்கொண்ட காலத்திலேதான் இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்தது. 1939 ஆகஸ்டு முதல் கூலித்தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடை செய்திருந்தமையும் அக்காலத்ததே; ஊர் சென்றவர் உரிய காலத்தில் மீள்வதற்கு இவையும் தடையாகக்கூடியவை.

நடைமுறையில் இதன் வடிவம் யாது? எடுத்துக்காட்டாக, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற ஒரு பெண்ணைக் கருதுவோம். பிரசவம் கழிந்து, குழந்தைக்கு நோய் கண்டு, பின்னர்த் தாய்க்குக் கருமாதி முடித்து அவள் திரும்புவதற்குள் ஓராண்டு கடந்துவிடுகிறது. தோட்டத்து வேலைப் பதிவேடாகிய செக்ரோலில் அம்மாதங்களில் அவள் பெயர் இல்லை. திரும்பி வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றபோது கணக்கப்பிள்ளை எழுதிய பெயரோ முன்னதினும் ஓரெழுத்து வேறுபட்டிருக்கலாம். விசாரணை அதிகாரியின் முன் கணவன் நிற்கையில், விடுபட்ட அவ்வரிகளே அவனுக்கு எதிரான சாட்சியாகின்றன. அவன் அதே லயத்தில், அதே மலையில், அதே துரையின் கீழ் வேலை செய்துவந்தான் என்பதும், அவன் பிள்ளைகள் அத்தோட்டத்துப் பள்ளியிலேயே படித்தனர் என்பதும் அவ்வரிகளின் முன் வலுவிழந்துபோகின்றன.

சுமார் 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், பிரஜாவுரிமை பெற்றவர் ஒன்றரை லட்சத்திற்கும் குறைவே. ஏனையோருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்தே நிர்ணயிக்கப்பட்டது. நிராகரிப்புகள் அனைத்திற்கும் ஊர்ப்பயணம் ஒன்றே காரணமன்று. பத்திரக் குறைவும், போதிய வருமானம் காட்டாமையும், தொழிற்சங்கத் தலைமை தொடக்கத்தில் சட்டத்தைப் புறக்கணித்தமையால் நேர்ந்த தாமதமும் காரணங்களாயின. ஆயினும், அம்மக்களை நிலையற்றோர் என்று கருதிய அடிப்படை அபிப்பிராயம் இப்பயணங்களிலிருந்தே பிறந்தது.

அவ்வபிப்பிராயம் நீதிமன்றத்திலும் அங்கீகாரம் பெற்றது. 1953ஆம் ஆண்டில், அக்காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், வாக்காளர் பதிவு மறுக்கப்பட்ட இந்தியத் தமிழர் ஒருவரின் மேல்முறையீட்டை ஆராய்ந்து, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனையொட்டிய வாக்குரிமைச் சட்டமும் ஒரு சமூகத்தை மாத்திரம் பாதிப்பன அல்லவென்றும், ஆகவே சமூகப் பாகுபாட்டைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணல்லவென்றும் தீர்ப்பளித்தது. இந்தியத் தமிழரின் போக்குவரத்து வழக்கம், பிரஜைகளாவதற்கு அவர்களுக்குள்ள தகுதியோடு நேரே சம்பந்தமுடையது என்னும் கருத்தையும் அத்தீர்ப்பு வெளியிட்டது. பெருமதிப்பிற்குரிய அந்நீதிபதிகள் ஒரு வேற்றுமையைக் கருதாது விட்டனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. இருப்பிடமற்று அலைபவன் வேறு. ஒரே இருப்பிடத்திற்கு மீண்டும் மீண்டும் திரும்புபவன் வேறு. திரும்பி வருதலே ஒருவனது வாழ்விடம் எதுவென்பதற்குப் பிரத்தியட்சச் சான்று. ஒவ்வொரு முறையும் அதே தோட்டத்துக்கு மீண்டவனின் பயணங்கள், அவனது பற்றினை மறுப்பனவல்ல, உறுதி செய்வனவே.

தன் பிரஜைகள் யாவர் என்று வரையறுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டென்பதில் ஐயமில்லை. எண்களால் அமைந்த விதி எளியது, அதிகாரியின் மனம்போன போக்கிற்கு இடங்கொடாதது என்ற வாதமும் மதிக்கத்தக்கதே. கானடாவின் அனுபவம் இதற்கு உதாரணம். 1978இல் அந்நாட்டு நீதிபதி தர்லோ, அமெரிக்காவிற்குப் படிக்கச் சென்ற ஒரு மாணவர் தம் வீட்டை கானடாவிலேயே வைத்திருந்தமையால் அவர் அங்கேயே வசித்தவராவார் என்று தீர்த்தார். 1992இல் நீதிபதி ரீட், ஒருவரது வாழ்வின் மையம் எந்நாட்டில் உள்ளதென்பதை அறியும் பொருட்டு ஆறு வினாக்களை வகுத்தார். நீதிபதிகளிடையே அளவுகோல்கள் வேறுபட்டமையால், 2015 முதல் சட்டம் உடலளவில் இருந்த நாட்களையே எண்ணலாயிற்று. ஆயினும் இன்று அது கேட்பது ஐந்தாண்டில் 1,095 நாட்களின் கூட்டுத்தொகையை. ஒரு நீண்ட பிரிவு முன்னைய வாசத்தை அழிப்பதில்லை. இந்தியச் சட்டமும் இறுதிப் பன்னிரண்டு மாதத் தொடர்ச்சியைக் கேட்பினும், அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டு வாசத்தைக் கூட்டியே கணக்கிடுகிறது. எனவே, எளிமையையும் நியாயத்தையும் ஒருங்கே பேணுதல் இயலாததன்று.

இலங்கையும் காலந்தாழ்த்தியேனும் இவ்வுண்மையை ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. எனினும் நிரந்தர வாசம் என்ற அந்நிபந்தனை, உள்நாட்டுப் போரினால் தமிழகத்துக்கு ஓடிவந்து அகதி முகாம்களில் தங்கிய தோட்டக் குடும்பங்களை விலக்கிற்று. 2009ஆம் ஆண்டின் திருத்தமே அவ்விலக்கை நீக்கியது. நிர்ப்பந்தத்தால் நேர்ந்த பிரிவு வாசத்தை முறிக்காது என்னும் தத்துவத்தை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டுச் சட்டமன்றமே எழுதி வைத்தது.

இவற்றால் பெறப்படும் விதி இது. கால வரையறை இருக்கலாம். ஆனால் அது ஓர் அனுமானத்தைத் தொடக்கி வைப்பதாக இருத்தல் வேண்டுமேயன்றி, விசாரணையை முடித்து வைப்பதாக இருத்தலாகாது. நீண்ட பிரிவுடைய விண்ணப்பதாரரிடம், பிரிவின் காரணம் யாது, அக்காலத்தில் குடும்பமும் தொழிலும் எங்கிருந்தன, திரும்பியது எவ்விடத்திற்கு என்ற மூன்று வினாக்களையும் கேட்டு, அவற்றின் விடைகளை எழுத்தில் பதிந்து, மறுப்பதாயின் அதற்குரிய காரணத்தையும் உரைத்து, மேல்முறையீட்டுக்கும் வழிவைத்தல் அரசின் கடமையாகும். ஓர் அறையும் நிலமும் தன் பெயரில் இல்லாத ஏழையிடம் இடையறாத இருப்பிற்குச் சான்று கேட்கும் அரசு, அவன் உழைப்பில் இடையறாது பயன் பெற்றது தானே என்பதை முதலில் நினைவுகொள்ளல் வேண்டும்.